பாடி மேல் தப்பில்லை

1

சுதந்திர நாள் நெருங்குகிறது. மலாக்கா கடைத்தெருவில் கொடி கட்டத் தொடங்கிவிட்டார்கள். பிலிம் வாங்கப் போன என்னைக் கேமராக் கடைத் தௌக்கே பிடித்துக்கொண்டார். தௌக்கே என்றால் இங்கே சீன முதலாளி. பூன் என்று பெயர். எங்களிடம் மலாயில்தான் பேசுவார்.

"அக்கா, புது பாடி வந்திருக்கு. உங்களோடதுல பாதிக் கனம்கூட இல்ல. பழசைக் கொடுத்துட்டு இதை எடுத்துக்கோங்க. பறவை எடுக்கிறவங்க எல்லாரும் இதுக்கு மாறிட்டாங்க."

வாங்கிக் கண்ணில் வைத்துப் பார்த்தேன். எதிர்ச் சாரிக் கூரையில் நின்ற மைனாவின் கண்ணைச் சுற்றியிருந்த மஞ்சள்கூடத் தெரிந்தது. கை வலிக்கவில்லை. வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

"ஏன்லா?" என்று கேட்டவர், கேட்ட பிறகு தாமே தலைகுனிந்து பிலிமைக் காகிதத்தில் சுற்றினார்.

கும்பகோணத்திலிருந்து என் தங்கை எழுதுகிறாள்: "அக்கா, நீ கேமராவைத் தூக்கிக்கொண்டு சேற்றில் இறங்குகிறாயாமே, உனக்கு ஏன் இந்த வேலை?" அவளுக்கும், இதே கேள்வியை நாசூக்காகக் கேட்கிற உங்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. லென்ஸ் தனி, அதைப் பொருத்துகிற பெட்டி தனி. அந்தப் பெட்டிக்குப் பெயர்தான் பாடி. இந்தச் சொல் எங்கள் வீட்டில் முதன்முதலாக வந்தபோது நான் அடுப்படியில் திடுக்கிட்டேன். "புது பாடி ஒண்ணு பார்க்கணும்" என்றார் என் கணவர். அவர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். அங்கே பாடி என்றால் என்னவென்று உங்களுக்கும் தெரியும்.

2

என் கணவர் கலியபெருமாள், டிரஸர். கட்டுப் போடுவது, தையல் பிரிப்பது, ஊசி போடுவது எல்லாம் அவர் வேலை. என் பெயர் தையல்நாயகி. "ஆஸ்பத்திரியிலயும் தையல், வீட்டுலயும் தையல்" என்று கல்யாணமான புதிதில் கேலி செய்வார்.

காஜா பெராங்கில் ஒரு பலகை வீட்டில் குடிவைத்தார். பக்கத்திலேயே கம்போங் செட்டி என்கிற பழைய குடியிருப்பு. வந்த முதல் வாரம், நெற்றி நிறைய விபூதியோடு கோயிலிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த ஓர் அம்மாளைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்துவிட்டது. கீரை எங்கே கிடைக்கும், பால்காரன் எப்போது வருவான் என்று மூச்சுவிடாமல் தமிழில் கேட்டேன். அந்த அம்மாள் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு மலாயில் பதில் சொன்னாள். அவளுடைய முன்னோர் இங்கே வந்து எத்தனையோ தலைமுறையாகிவிட்டதாம். சாமி மிஞ்சியது, பேச்சு மாறிவிட்டது. அவள்தான் லெட்சுமி அக்கா. எனக்கு மலாய் சொல்லிக்கொடுத்தவள். நான் தப்பாகப் பேசும்போது சிரிக்காத ஒரே ஆளும் அவள்தான்.

இவருடைய கையைப் பற்றிச் சொல்லவேண்டும். இவர் ஊசி போட்டால் வலி தெரியாது என்று பேர். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிற பெண்கள் வரிசையை விட்டு ஒதுங்கி நின்று, "கலியன் டிரஸர் வரட்டும்" என்பார்கள். எங்கள் மகன் மதிவாணனுக்குக் காலில் கண்ணாடி ஏறியபோது, அவன் என்னோடு பேசிக்கொண்டே இருக்க, இவர் எடுத்து முடித்துவிட்டார். "எப்பப்பா எடுப்பீங்க?" என்று அதற்குப் பிறகு கேட்டான் பையன்.

3

கம்யூனிஸ்டுகளை ஒடுக்க இங்கே அவசரகாலம் போட்டிருந்தபோது காட்டுப்பக்கம் யாரும் போக முடியாது. ஒரு பொட்டலம் சோறு எடுத்துக்கொண்டு ஊர் எல்லையைத் தாண்டினால்கூட நிறுத்தி விசாரிப்பார்கள். மலாக்காவில் அந்தக் கெடுபிடி தளர்ந்த சமயத்தில்தான், ஆஸ்பத்திரியிலிருந்த வெள்ளைக்கார டாக்டர் ஒருவர் ஊர் திரும்பினார். அவருக்குப் பறவைப் பித்து. போகும்போது தம் கேமராவையும், முழங்கை நீளத்துக்கு இருந்த லென்ஸையும் இவரிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

அப்போது மதி மேல்படிப்புக்காக ஆஸ்திரேலியாவுக்கு, பெர்த்துக்குப் புறப்பட்டுப் போயிருந்தான். வீடு ஓசையற்றுக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் இருவரும் சைக்கிளில் கிளேபாங்கைத் தாண்டி உப்பங்கழிப் பக்கம் போகத் தொடங்கினோம். நான் கோணிகளைச் சேர்த்துத் தைத்து ஒரு மறைப்பு செய்தேன். அதற்குள் குந்திக்கொண்டு கொக்கையும் மீன்கொத்தியையும் பஞ்சுருட்டானையும் பார்ப்போம். எங்கள் ஊரில் பறவை என்றால் வயலிலிருந்து விரட்டுவதற்குத்தான். ஒரு மனிதன் மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு கொக்குக்காகக் காத்திருப்பதை நான் இங்கே வந்துதான் பார்த்தேன்.

இவருக்கு ஒரே ஆசை. வெள்ளை வயிற்றுக் கடற்கழுகு ஒன்று அந்தக் கழிமுகத்துக்கு வரும். தண்ணீரில் கால் வைத்து மீனைத் தூக்கிக்கொண்டு எழும்பும். அந்த ஒரு கணத்தைப் பிடித்து மதிக்கு அனுப்பவேண்டும். சின்னப் பிள்ளையில் அந்தக் கழுகைக் காட்டச் சொல்லி அவன் இவர் தோளில் ஏறிக்கொள்வான்.

முதல் ஆண்டு படங்கள் நன்றாக வந்தன. பிறகு கலங்கலாக வர ஆரம்பித்தன. கொக்குக்கு இரண்டு கழுத்து இருப்பதுபோல் இருக்கும்.

"ஷட்டர் தேஞ்சு போச்சு. அமுக்கினா பாடியே அதிருது. லென்ஸ் நல்ல லென்ஸ்தான். பாடியை மாத்திட்டா சரியாயிடும்," என்றார்.

"மாத்திடுவோமே," என்றேன்.

அப்படித்தான் தேடல் தொடங்கியது. வேலை விட்டதும் பூன் கடைக்குப் போவார். வந்ததும் அடுப்படி வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு சொல்லுவார். ஜப்பானிலிருந்து புதிதாக ஒன்று வந்திருக்கிறதாம். எடை குறைவு. கண்ணுக்கு நேரே வைத்துப் பார்க்கலாம். பழைய கேமராவில் படம் எடுத்த அடுத்த நொடி உள்ளே இருட்டாகிவிடும். பிலிமைச் சுற்றினால்தான் மறுபடி தெரியும். அதற்குள் பறவை எங்கோ போயிருக்கும். புதியதில் உள்ளிருக்கும் கண்ணாடி தானாகத் திரும்பி வந்துவிடுமாம். "பறவையைக் கண்ணுலேருந்து விடவே வேண்டியதில்ல, தையலு." நம் லென்ஸைப் பொருத்த ஒரு வளையமும் உண்டாம். மாதக்கணக்கில் அதே பேச்சு. நான் கேமராவைத் தொடாமலே அதன் திருகுகள் வரை கற்றுக்கொண்டேன்.

4

அந்தச் சமயத்தில்தான் குடியுரிமைக்கு விண்ணப்பித்தோம். ஊருக்குத் திரும்பலாமா, இங்கேயே இருந்துவிடலாமா என்று எல்லா வீடுகளிலும் பேச்சாக இருந்த காலம் அது. "மதி படிச்சுட்டு இங்கதான் வருவான். நாம எங்க போறது?" என்றார் இவர். அதோடு எங்கள் வீட்டில் பேச்சு முடிந்தது.

அலுவலகத்தில் ஓர் இளம் மலாய்க்கார அதிகாரி. மரியாதையான பிள்ளை. இவரை உட்காரச் சொல்லிக் கையெழுத்துக் கேட்டார். இவர் போட்டார். அதிகாரி அதையும் பழைய கையெழுத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, இன்னொரு தரம் போடச் சொன்னார். போட்டார். இன்னொரு தரம்.

பேனா முனை காகிதத்தில் படபடவென்று தட்டும் சத்தம் எனக்குக் கேட்டது. வீட்டில் காப்பித் தம்ளர் மேசையில் தட்டும் சத்தமும் இதுதான் என்று அப்போதுதான் உறைத்தது. வயதாகிறது என்று நினைத்திருந்தேன். அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தேன்.

"கைக்கு என்ன?" என்று அதிகாரி மலாயில் கேட்டார்.

"குளிர்," என்றார் இவர். வெளியே வெயில் தார்ச்சாலையை இளக்கிக்கொண்டிருந்தது.

இவருக்கு உதவவேண்டும் என்று நான் வாயைத் திறந்தேன். நடுங்குகிறது என்பதற்கு மலாயில் சொல் தெரியவில்லை. தெரிந்த சொற்களைச் சேர்த்து, "தாங்ஙான் ஜாலான்" என்றேன். கை நடக்கிறது என்று அர்த்தம். அடுத்த மேசையிலிருந்த இருவர் சிரித்துவிட்டார்கள். அதிகாரிக்கும் சிரிப்பு வந்தது. இவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். பிறகு எழுந்துவந்து, தணிந்த குரலில், "பாக் சிக், கட்டைவிரல் வைத்துவிடலாமா?" என்று கேட்டு மைப்பெட்டியைத் திறந்தார். பாக் சிக் என்றால் பெரியவரே என்று மரியாதையாக அழைப்பது.

ஆங்கிலம் படித்து, ஆயுள் முழுக்க மருந்துச் சீட்டு எழுதிய மனிதர், கட்டைவிரலை நீட்டினார். அதிகாரி அதைப் பிடித்து அழுத்த வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் நான் வேலிப்பக்கம் போய் லெட்சுமி அக்காவிடம், கை இப்படி இப்படி ஆனால் உங்கள் பாஷையில் என்ன சொல்வீர்கள் என்று என் கையை ஆட்டிக் காட்டிக் கேட்டேன்.

"கெத்தார்," என்றாள். யாருக்கு என்று அவள் கேட்கவில்லை. சாயங்காலம் ஒரு கிண்ணத்தில் மீன் குழம்பு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

5

அடுத்த வாரம் என்னையும் கடைக்கு அழைத்துப் போனார்.

பூன் இரண்டு பாடிகளைக் கண்ணாடி மேசைமேல் எடுத்து வைத்தார். ஒன்று மாதக்கணக்கில் இவர் புகழ்ந்த ஜப்பான் பாடி. மற்றொன்று ஜெர்மனியில் செய்தது, யாரோ உபயோகித்து விற்றது. இரும்புக் கட்டி மாதிரி இருந்தது. அதை இடுப்பளவில் பிடித்து மேலேயிருந்து குனிந்து பார்க்க வேண்டும். உள்ளே தெரிவதில் இடது வலதாகவும் வலது இடதாகவும் இருக்கும். படம் எடுத்ததும் இருட்டாகிவிடும். பறக்கிற பறவைக்குச் சற்றும் ஆகாதது. இதெல்லாம் இவரே எனக்குச் சொன்னதுதான்.

இவர் முதலில் புதியதை எடுத்தார். லென்ஸை மாட்டிக்கொண்டு கடை வாசலுக்குப் போய், எதிர்க் கம்பியில் உட்கார்ந்திருந்த காக்கையைப் பார்த்தார். அந்த நீளக் குழாயின் முனை காற்றில் வட்டம் போட்டது. நிறுத்தப் பார்த்தார். முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டார். முனை இன்னும் வேகமாக ஆடியது. பூன் இவர் முதுகுக்குப் பின்னாலிருந்து என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

உள்ளே வந்தார். கனமானதை எடுத்தார். அதன் பட்டையைக் கழுத்தில் மாட்டி, வயிற்றோடு சேர்த்து இரண்டு கையாலும் அழுத்திக் குனிந்து பார்த்தார். ஆட்டம் கொஞ்சம் குறைந்தது.

"இதையே கொடுங்க," என்றார்.

பூனுக்கு ஒன்றும் புரியவில்லை. "டிரஸர், பறவைக்கு இது சுசாலா, கஷ்டப்படுவீங்க. நீங்கதானே புதுசுதான் வேணும்னு—"

"கனமா இருந்தா கை நிக்கும்," என்றார் இவர்.

எத்தனையோ நோயாளிகளின் கையைப் பிடித்துப் பார்த்த மனிதர். அது என்ன நடுக்கம், எதில் கொண்டுபோய் விடும் என்று அவருக்கு அட்சரம் அட்சரமாகத் தெரியும். ஷட்டர் தேய்ந்துவிட்டது என்று என்னிடம் சொன்னதெல்லாம் என்னைப் பயமுறுத்தாமல் இருக்கத்தான். அந்தக் கடையில், ஆசைப்பட்டதை மேசையில் விட்டுவிட்டு ஆகாததைக் கையில் எடுத்தபோது, எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

"இது நல்லாத்தான் இருக்குங்க," என்றேன்.

6

முக்காலி வைத்துப் பார்க்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். வைத்தோம். நிற்கிற கொக்குக்குச் சரி. கழுகு எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று சொல்லிவிட்டா வரும்? இவர் விரல் பொத்தானைத் தேடி அடைவதற்குள் அது மீனோடு சதுப்புக்காட்டைத் தாண்டியிருக்கும்.

முதல் பிலிம் முடியும் தறுவாயில், மூக்குக்கண்ணாடியைத் துடைப்பதற்காக, "இதைக் கொஞ்சம் பிடி" என்று கேமராவை என்னிடம் கொடுத்தார். எதிரே கழியில் நட்டிருந்த கம்பின்மேல் ஒரு மீன்கொத்தி வந்து உட்கார்ந்தது. குனிந்து பார்த்து அமுக்கினேன்.

பூன் படங்களைக் கொடுக்கும்போது அந்த மீன்கொத்தியை மேலே வைத்திருந்தார். அலகில் ஒட்டியிருந்த ஈரம்கூடத் தெரிந்தது. "சாந்தேக்! புது பாடி வேலையைக் காட்டிடுச்சு," என்றார். சாந்தேக் என்றால் அழகு. கீழே இருந்தவற்றை அவர் காட்டவில்லை. இவரே ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். எல்லாம் புகை.

வீட்டுக்கு வரும் வழியில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தோம். கோயில் திருப்பத்தில் நின்றார்.

"பாடி மேல தப்பில்ல, தையலு."

நானும் நின்றேன்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியுங்க."

"எப்பலேருந்து?"

"கையெழுத்துப் போட்ட அன்னிக்கு."

தலையை ஆட்டினார். "ஆஸ்பத்திரியில ஊசி போடறதை விட்டுட்டேன். மருந்து அறைக்கு மாத்திக் கேட்டு வாங்கிக்கிட்டேன். நேத்து ஒரு அம்மா புள்ளையத் தூக்கிட்டு வந்து, நீங்கதான் போடணும்னு நிக்கிறாங்க. அந்த நர்ஸம்மா நல்லாப் போடுவாங்கன்னு சொன்னேன். என்னைக் கோவமாப் பார்த்துட்டுப் போறாங்க." சற்று நின்று, "மதிக்கு எழுதாதே. படிப்பை விட்டுட்டு வந்துடுவான்," என்றார்.

"எழுதல," என்றேன்.

அன்றிலிருந்து கேமரா என் கழுத்துக்கு வந்தது. மறைப்புக்குள் இவர் என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து கழுகைப் பார்த்துச் சொல்லுவார். "இடது பக்கம், இடது... ஐயோ, உனக்கு உள்ள வலதுடி!" நான் திருப்புவதற்குள் கழுகு போய்விடும். இருவரும் சிரிப்போம். அந்தச் சிரிப்புக்காகவே பல ஞாயிற்றுக்கிழமைகள் போனோம் என்றும் சொல்லலாம். என் கழுத்தில் பட்டை அழுத்திய தழும்பு இப்போதும் இருக்கிறது.

ஒரு நாள் பிடித்துவிட்டேன். தண்ணீர் சிதற, மீன் வாலை முறுக்க, இறக்கை இரண்டும் விரிந்து நின்றது படத்தில். இவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"நுனி இறகு வரைக்கும் வந்திருக்கு," என்றார். "நல்லா எடுத்திருக்க."

பிறகு துண்டை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனார். தொட்டியிலிருந்து தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றும் சத்தம் நின்றபாடில்லை. வெளியே வந்தபோது அவர் தலை நனையவே இல்லை. கண்கள் சிவந்திருந்தன. நான் சாதத்தை எடுத்து வைத்தேன். மதிக்கு அந்தப் படத்தை அனுப்பச் சொன்னவர், யார் எடுத்தது என்று எழுத வேண்டாம் என்றார்.

7

மதி படிப்பை முடித்தான். அங்கேயே வேலையும் கிடைத்தது. ஓர் ஆண்டு பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுதினான். பிறகு அந்த வாக்கியம் கடிதங்களில் வரவில்லை. தமிழில் எழுதிக்கொண்டிருந்தவன் பாதி ஆங்கிலத்துக்கு வந்து, கடைசியில் "அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு" என்பது மட்டும் தமிழாக இருந்தது. இனி அவனிடம் சொல்லலாம் என்று நான் இருமுறை ஆரம்பித்தேன். "புது வேலை, இப்ப வேண்டாம்," என்றார் ஒருமுறை. அடுத்த முறை, மார்கரெட் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாக அவன் எழுதியிருந்தான். "கல்யாண நேரத்துல எதுக்கு?" என்றார்.

கல்யாணத்துக்குக் கூப்பிட்டான். இவர் ஆஸ்பத்திரி வேலையை விட்டு அதற்குள் நெடுநாளாகியிருந்தது. அப்பாவுக்கு லீவு கிடைக்காது என்று எழுதச் சொன்னார், எழுதினேன்.

அந்தப் பெண்ணின் வீட்டில் காட்ட எங்கள் படம் ஒன்று வேண்டும் என்று கேட்டான். இவருக்கு வேட்டி கட்டிவிட்டு, சட்டை மாட்டி, நாற்காலியில் உட்காரவைத்து நான் எடுத்தேன். முகம் அப்படியே வந்தது. மடியிலிருந்த இரண்டு கைகள் மட்டும் வெள்ளையாய்க் கலங்கிப் போயிருந்தன. அதை மேசையில் வைத்துவிட்டு, "இது வேண்டாம்," என்றார்.

மறுநாள் பூன் தௌக்கேயை வீட்டுக்கு வரச் சொன்னேன். கடையை மூடிவிட்டு வந்தார். நான் இவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கைகள் இரண்டையும் எடுத்து என் மடியில் வைத்து, என் கைகளால் மூடி இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். உள்ளே சிட்டுக்குருவியைப் பிடித்த மாதிரி துடித்தது. மேலே ஒன்றும் தெரியவில்லை. பூன் கேமராவில் குனிந்து பார்த்தார். "நல்லா இருக்கு, அப்படியே இருங்க," என்றார்.

போன வாரம் மதியின் கடிதம் வந்தது. ஆங்கிலம்தான். இவர் நாற்காலியில் சாய்ந்திருக்க, நான் தமிழாக்கிப் படித்தேன். கல்யாணம் நன்றாக நடந்ததாம். எங்கள் படத்தை மாட்டி வைத்திருக்கிறார்களாம். அப்பாவும் அம்மாவும் இப்படிக் கை கோத்து உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை, நான் இங்கே வந்தபிறகு நீங்கள் ரொம்ப மாறிவிட்டீர்கள், பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது என்று எழுதியிருந்தான். இவர்கள் வயதிலும் நாம் இப்படி இருக்கவேண்டும் என்று மார்கரெட் சொன்னாளாம்.

நான் படிப்பதை நிறுத்திவிட்டு இவரைப் பார்த்தேன்.

"அப்படியே நினைச்சுக்கட்டும்," என்றார். இப்போதெல்லாம் அவர் பேச்சும் மெதுவாகத்தான் வருகிறது. உதடு ஓரத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. "பொய்யுமில்லையே."

கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, தட்டில் சோற்றைப் போட்டு ரசம் விட்டுப் பிசைந்தேன். உருண்டையாக்கி அவர் வாயருகே கொண்டுபோனேன். வாசல் கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டு, பிறகு வாயைத் திறந்தார்.